பல்செட்டுக்காரர் செய்த ஆட்டம்

டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு பல் லேப் இருக்கிறது. தன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே வேலை பார்க்கும் மனிதரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல்செட்டுக்காரர் என்பார்கள். அவசரம் என்றால் வெறும் பல்செட்டு. அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். பல் டாக்டர்கள் வாய் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, ரோஸ் கலர் ஈறு வைத்து, செட்டாக்கித் திருப்பி அனுப்புவார். பஸ்ஸில் எதிரே இருப்பவர் சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், கீழ்வரிசையைத்தான் உற்றுப் பார்ப்பார். மனைவி முழங்கையால் இடித்து இடித்து அலுத்துப்போனார்.

அவருக்கு ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். லிஃப்டில் ஏறினால் கதவை மூடுகிற பட்டன் நிஜமாகவே வேலை செய்கிறதா, சும்மா மன ஆறுதலுக்கு வைத்திருக்கிறார்களா என்று சோதித்துப் பார்ப்பார். புதிதாக வாங்கிய மிக்ஸியை அன்றைக்கே கழற்றினார். திரும்ப மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. "அது தேவையில்லாத ஸ்க்ரூ" என்று அடித்துச் சொன்னார். மிக்ஸி இன்னும் ஓடுகிறது. ஓடும்போது மேடையை விட்டு நகர்ந்து போகிறது, யாராவது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு ஆட்டம் கிடைத்தால் சும்மா விடுவாரா? கிடைத்தது மச்சான் மூலமாக.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பழைய சாமான்களை ஏலம் விடுகிறவர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். உடைந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தி, அதில் உட்கார்ந்தவர்கள் கதை, எழுந்து போனவர்கள் கதை, எழுந்திருக்கவே மனசில்லாமல் போனவர் கதை என்று அவிழ்த்துவிட்டால், நல்ல நாற்காலியை விட அதற்குத்தான் கை அதிகம் உயரும். ஒருமுறை யாரும் கேட்காத பெட்டி ஒன்று அவர் தலையிலேயே கட்டப்பட்டது. உள்ளே ஒற்றை ஷூக்கள், ஓடாத ரேடியோ, அடியில் ஈரம் பட்ட ஒரு தடிப் புத்தகம். அது ஒரு விளையாட்டுக்கான விதிப் புத்தகம்.

விளையாட்டு என்றால் பலகை, காய் எதுவும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். "நீங்க ஒரு குகை வாசல்ல நிக்கிறீங்க, உள்ள யாரோ இருமுற சத்தம்" என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அந்த ஆள் என்ன செய்வான், என்ன பேசுவான் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும். ஜெயிப்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. "அப்புறம் எதுக்கு ஆடறது?" என்று மனைவி கேட்டார். அந்தக் கேள்வி பல்செட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எதற்கு ஆடுகிறோம் என்று பார்ப்பதற்காகவே ஆட ஆரம்பித்தார்.

தெரு முனை ஜெராக்ஸ் கடை அக்கா புத்தகத்தை ஆளுக்கொரு பிரதி எடுத்துத் தந்தார். தந்ததோடு நிற்காமல் அவரும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு பக்கத்தையும் கையால் புரட்டி நகல் எடுத்தவர் என்பதால் விதி எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் புத்தகத்தின் நடுவில் ஒரு கொத்துப் பக்கங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிரித்தால் கிழியும். சண்டை போடுவது எப்படி என்ற பகுதி மொத்தமும் அதற்குள் மாட்டிக்கொண்டது. என்ன செய்வது? சண்டைக்கு விதி இல்லாததால், எந்தப் பூதம் வந்தாலும் அதனிடம் பேசியே தீர்க்க வேண்டியிருந்தது. பூதத்துக்கு என்ன குறை, அதற்கு என்ன பயம் என்று விசாரிக்கிற ஆட்டமாக அது மாறிப்போனது. வருஷங்கள் கழித்து முழுப் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் பக்கங்களில் இருந்தது அட்டவணை, அட்டவணை, மேலும் அட்டவணை. "நல்லவேளை, ஒட்டிக்கிச்சு" என்று ஜெராக்ஸ் அக்கா பெருமூச்சு விட்டார்.

பகடைக் கதை வேறு. புத்தகம் இருபது முகம் உள்ள பகடை கேட்டது. கடைகளில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. பல்செட்டுக்காரர் ஈறு வார்க்கிற ரோஸ் பிளாஸ்டிக்கிலேயே வார்த்துவிட்டார். பார்த்தால் வாயிலிருந்து உருவி எடுத்த மாதிரிதான் இருக்கும், வேறு வழியில்லை. அதில் ஒரு பகடைக்குள் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டது. எப்படிப் போட்டாலும் பெரிய எண்ணாகவே விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பார்கள். இவர்கள் அதற்கு லஞ்சக் கட்டை என்று பெயர் வைத்தார்கள். அதை உருட்டினால் காரியம் நடந்துவிடும், ஆனால் கதையில் யாரோ ஒருவன் பின்னாலேயே வந்து கையை நீட்டுவான். இந்த விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

புதிய ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கற்பனை, மேதைமை என்று பெரிதாக அளப்பவர்கள் இருக்கிறார்கள். அளந்துவிட்டுப் போகட்டும். அந்த லேபில் பார்த்தவரைக்கும் புதுசு என்று முளைத்ததெல்லாம் ஏதோ ஒன்று இல்லாமல் போன இடத்தில்தான் முளைத்தது. பக்கம் இல்லை, பகடை இல்லை. அதை அவர்கள் யாரும் கண்டுபிடிப்பு என்று நினைக்கவில்லை, சமாளிப்பு என்றுதான் நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், லேப் சாப்பாட்டு மேசையில் ஆட்டம் நடக்கும். கதை நடத்துகிறவர் மச்சான்தான். வேறு யார் நடத்த முடியும்? அவர் ஒரு கதவைத் திறந்தால் கீல் கிறீச்சிடுவது காதில் கேட்கும். மனைவி மட்டும் ஆடமாட்டார், டீ போட்டுக்கொண்டு ஓரமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்புறம் அந்த மச்சானுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. உயிர் பிழைத்தார். வலது கை பாதி போயிற்று, பேச்சு முழுக்கப் போயிற்று.

முழுக்க என்று சொல்வது தப்பு. பேச்சுப் பயிற்சி தரும் பெண் விளக்கமாகச் சொன்னார். "அவருக்கு நாம பேசறது எல்லாம் புரியுது. வார்த்தை உள்ளேதான் இருக்கு. எடுக்கிற வழி அடைஞ்சிருக்கு. சில சமயம் வேற வார்த்தை வந்து விழும். நேரம் கொடுங்க." வாயாலேயே பிழைத்த மனிதர் 'கதவு' என்று சொல்ல வந்து 'கரண்டி' என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு மாதம் முயன்று பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். தங்கை வீட்டிலேயே ஒரு அறையில் தங்கி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டதும் அறைக்குள் போய்விடுவார்.

தங்கை, அதாவது மனைவி, குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுக்கிற வேலையில் இருக்கிறவர். எதிர்முனையில் "எங்க வீட்டு..." என்று ஆரம்பித்தாலே "குழாயில காத்துதான் வருதா? எந்தத் தெரு?" என்று முடித்துவிடுகிற ஆள். வேலை அப்படி, வரிசையில் அத்தனை பேர் காத்திருப்பார்கள். வீட்டிலும் அதே கதைதான். அண்ணன் உதடு அசைந்தால் போதும். "தண்ணியா? ஃபேன் போடவா? தலைவலியா?" அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். "தூக்கம் வருது போல" என்று இவரே பதிலும் சொல்லிக்கொள்வார்.

பல்செட்டுக்காரருக்கு இரண்டு கவலை. ஞாயிறு மதியம் போனது ஒரு பக்கம். மனிதர் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறார் என்பது இன்னொரு பக்கம். மச்சானைத் திரும்ப அந்த மேசைக்குக் கொண்டுவர வேண்டும், ஓரமாக உட்கார வைக்க அல்ல, கதை நடத்துகிற நாற்காலியில். வேறு எதுவும் அவருக்கு வேண்டாம். ஆனால் கதை சொல்கிற ஆட்டத்தைப் பேச முடியாத ஒருவர் எப்படி நடத்துவது? இப்படி ஒரு கேள்வி மாட்டினால் அவர் விடுகிற ஆளா?

முதலில் படம் வரைந்த அட்டைகள் செய்தார். கதவு, பாம்பு, ராஜா, மழை. மச்சான் அட்டையைத் தொட்டால் போதும். கெஞ்சிக் கூத்தாடி மேசைக்கு அழைத்து வந்து அட்டைகளைப் பரப்பினார். மச்சான் ஒரு பார்வை பார்த்தார். பேச்சுப் பயிற்சியில் கட்டில், டம்ளர், ஆப்பிள் என்று காட்டுகிற அதே மாதிரி அட்டைகள். இடது கையால் மொத்தத்தையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அடுத்தது ஆமாம்-இல்லை ஆட்டம். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், மச்சான் தலையாட்டினால் போதும். "உள்ளே ஆள் இருக்கா? ஆம்பளையா? கத்தி வச்சிருக்கானா?" கொஞ்ச நேரத்தில் ஜெராக்ஸ் அக்காவுக்கே சங்கடமாகிவிட்டது. "போலீஸ் ஸ்டேஷன்ல விசாரிக்கிற மாதிரி இருக்கு, பல்செட்டு" என்றார். மச்சான் தலையாட்டுவதைக்கூட நிறுத்தியிருந்தார்.

மூன்றாவதுதான் பெரிய கூத்து. யாருமே பேசக்கூடாது என்று விதி போட்டார் பல்செட்டுக்காரர். எல்லோருக்கும் வாய் இல்லை என்றால் எல்லோரும் சமம்தானே? நல்ல எண்ணம்தான், யார் இல்லையென்றது? மனைவியும் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஆட உட்கார்ந்தார், தான் பக்கத்தில் இல்லாவிட்டால் அண்ணன் என்ன கேட்கிறார் என்று யாருக்குப் புரியும் என்று. ஜெராக்ஸ் அக்கா கையை இறக்கை மாதிரி ஆட்டினார். பல்செட்டுக்காரர் வாயைத் திறந்து திறந்து மூடி ஏதோ காட்டினார். திறந்த வாயிலிருந்து சத்தம் வராமல் திணறுகிற தன்னையே மச்சான் அங்கே பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, ஜன்னல் பக்கம் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பல்செட்டுக்காரருக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

மேசையில் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. அந்த இறுக்கத்தை உடைப்பதற்காகவோ என்னவோ, ஜெராக்ஸ் அக்கா ஃபேனுக்கு நேரே இருக்கும் நாற்காலிக்கு மாற எழுந்தார். மனைவியும் அதே நாற்காலியில் கை வைத்தார்.

"எனக்குக் கொடுங்க. கப்பெல்லாம் நான் கழுவுறேன்" என்றார் அக்கா.

"கப்பு என்ன பெரிய கப்பு. நான் உங்களுக்கு அடுத்த வாரமும் டீ போட்டுத் தர்றேன்" என்றார் மனைவி.

"நான் லேபையே கூட்டிப் பெருக்கறேன்."

"ஒரு தரம்" என்றது ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல்.

கணீரென்று வந்தது. பழைய குரல், கூட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் போகிற குரல். அக்கா நாற்காலியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மச்சான் திரும்பியிருந்தார். "ரெண்டு தரம்." அவருக்கே நம்ப முடியவில்லை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. "மூணு தரம்." இடது உள்ளங்கை ஜன்னல் கட்டையில் பொத்தென்று விழுந்தது. நாற்காலி அக்காவுக்கு.

மனைவி பாய்ந்து ஓடினார். "அண்ணா, பேசிட்ட! இன்னொரு தடவை சொல்லு. என் பேரைச் சொல்லு. தண்ணி வேணுமா? சொல்லு, தண்ணின்னு சொல்லு." மச்சானின் உதடு அசைந்தது, நின்றது. கதவு சாத்திக்கொண்டது.

பல்செட்டுக்காரர் இரண்டையும் பார்த்தார். வந்ததையும் பார்த்தார், வந்ததை விரட்டியதையும் பார்த்தார்.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பல்செட்டு போட்டவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. "இங்கேதான், இல்லை இங்கே, மொத்தமா ஒரு மாதிரி" என்பார்கள். அதனால் கேட்கமாட்டார்கள். நீலக் கார்பன் தாளைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். எந்த இடம் உயரமாக இருக்கிறதோ அந்த இடத்தில் நீலம் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒரு துளி ராவினால் போதும். ஆட்டத்தைப் பற்றியும் இனி யாரிடமும் கேட்கப்போவதில்லை, கடிக்க வைத்து நீலம் எங்கே விழுகிறது என்று பார்க்கப்போகிறேன் என்று அன்றைக்கு முடிவு செய்தார். முதல் நீலம் எங்கே விழுந்தது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அது கட்டிய மனைவி. அரத்தை எடுத்துக்கொண்டு போய் ராவ முடியுமா?

பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் கேட்டார். "ஆயிரம் தடவை சொல்லிப் பழகினது வேற வழியா வரும். எண்ணுறது, திட்டுறது, பாட்டு. அது தானா ஓடுறது. அதை வச்சு மத்த பேச்சும் வந்துடும்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் அந்தப் பெண். பல்செட்டுக்காரருக்கு மற்ற பேச்சு வேண்டியதில்லை. மூன்று வார்த்தை இருக்கிறது. மூன்று வார்த்தையில் ஒரு ஆட்டத்தை நடத்த முடியுமா? சோறு தண்ணி இல்லாமல் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினார். மெழுகை உருக்கும்போதும் அதே நினைப்புதான். ஒரு செட்டுக்கு மேல்வரிசைப் பல்லைக் கீழே அடுக்கிவிட்டார்.

முதலில் வந்த யோசனை: பகடையைத் தூக்கிவிட்டு ஏலம் வைப்பது. கதையில் அடுத்து என்ன நடக்கும் என்பதுதான் ஏலப் பொருள். யார் ஏலம் எடுக்கிறார்களோ அவர்கள் சொன்னபடி நடக்கும். ஏலம் கேட்க ஆளுக்கு ஒரு பிடி பிளாஸ்டிக் பல் கொடுத்தார். ஆடிப் பார்த்தபோது ஜெராக்ஸ் அக்காவின் கண் கதையில் இல்லை, தன் பல் குவியலில் இருந்தது. கஞ்சன் காசைப் பார்க்கிற பார்வை. நீலம் விழுந்துவிட்டது. பல்லை எல்லாம் வாரி டப்பாவில் கொட்டினார். அப்படியென்றால் எதை வைத்துக் கேட்பது? கதைக்குள் இருக்கும் உங்கள் ஆள் எதை இழக்கத் தயார் என்பதை வைத்துக் கேளுங்கள் என்றார். "என் குதிரையைத் தர்றேன்." "என் ஊர் ஞாபகத்தையே தர்றேன்." யார் பெரிதாக இழக்கத் துணிகிறாரோ அவருக்கே பொருள். பெரியது எது என்று முடிவு செய்வது ஏலக்காரர், வேறு யாரும் இல்லை.

சொல்ல முடியாதவர் கதையை எப்படித் தொடங்குவார்? அதற்கும் மச்சானின் தொழிலே வழி காட்டியது. ஏலம் போகாத சாமான் பெட்டியிலிருந்து அவர் ஏதாவது ஒன்றை எடுத்து மேசையில் வைப்பார். பூட்டு, டார்ச், ஒற்றை ஷூ, எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பொருள் கதையில் எங்கே இருக்கிறது, அதனால் என்ன வந்தது என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். வைப்பது அவர், தீர்ப்பு அவருடையது. மூன்று தரம் எண்ணி முடிக்கிறவரைக்கும், ஏலம் கேட்பதைத் தவிர, யாரும் குறுக்கே பேசக்கூடாது.

இந்தக் கடைசி விதியைப் பல்செட்டுக்காரர் மெதுவாகத்தான் சொன்னார். மனைவி பக்கம் பார்க்காமல் சொன்னார்.

மச்சான் வந்தார். என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்கிற முகத்தோடு வந்தார். பெட்டியைத் திறந்து ஒற்றை ஷூவை எடுத்து மேசை நடுவில் வைத்தார். ஜெராக்ஸ் அக்கா "இது அரண்மனை மாடியில கிடந்துச்சு" என்று ஆரம்பித்தார். பல்செட்டுக்காரர் அது திருடனுடையது என்றார், அக்கா அது ராணியுடையது என்றார், ஏலம் ஏறியது. மச்சான் இடது கையில் தன் ஏல மரச்சுத்தியலை எடுத்தார். "ஒரு தரம்." ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள். யார் முகத்தில் ஆசை இருக்கிறது, யார் பம்முகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கேட்பார்கள் என்று தெரிந்தால் "ரெண்டு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். மேசையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அனுதாபத்தோடு அல்ல, பேராசையோடு. சுகமில்லாமல் போனதிலிருந்து அவர் வாய்க்காக யாரும் அப்படித் தவித்ததில்லை.

ஆனால் நீலம் இன்னும் ஒரு இடத்தில் விழுந்துகொண்டுதான் இருந்தது. எண்ணி முடித்ததும் மச்சான் சில சமயம் ஏதோ சொல்ல வாயெடுப்பார். "அக்காவுக்குன்னு சொல்றார்", "டீ கேட்கிறார்" என்று மனைவி உடனே முடித்து வைப்பார். மச்சான் சுத்தியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இதை என்ன விதி போட்டு ராவுவது என்று பல்செட்டுக்காரருக்குத் தெரியவில்லை. நேரில் சொல்லத் தைரியமும் இல்லை.

ஒரு ஞாயிறு. கதையில் ஆறு, மூடுபனி, ஒரு படகு. மனைவியின் பாத்திரம் படகோட்டி. மச்சான் பெட்டியைத் துழாவி ஒரு விசிலை எடுத்து, வழக்கம்போல நடுவில் வைக்காமல், தங்கைக்கு எதிரே தள்ளி வைத்தார்.

மனைவி விசிலைப் பார்த்தார். "கரையில யாரோ இதை ஊதுறாங்க" என்று தொடங்கி, கொஞ்சம் தயங்கி, "என் அண்ணன் ஊதுறான். பனியில கரை தெரியல. நான் அவன்கிட்ட போய்ச் சேரணும்" என்றார். பல்செட்டுக்காரரும் அக்காவும் போட்டிக்குக் கேட்கவில்லை. அதைக் கேட்கிற மனசு யாருக்கும் வரவில்லை.

"என் படகைத் தர்றேன்."

"ஒரு தரம்" என்றார் மச்சான். "ரெண்டு தரம்." நிறுத்தினார். தங்கையையே பார்த்தார். பிறகு, "ஒரு தரம்."

ஜெராக்ஸ் அக்கா நிமிர்ந்தார். "இதென்ன, மறுபடி ஒண்ணுல இருந்தா? போட்டிக்கு ஆளே இல்லையே. விதியில இப்படி இல்லையே, பல்செட்டு."

இல்லைதான். இந்த விதியைப் பல்செட்டுக்காரர் போடவில்லை. கொடுக்கிறது போதாது, இது எனக்கு வேண்டாம், வேறு கொண்டு வா. வேறு ஒரு வார்த்தை இல்லாமல் மச்சான் அத்தனையும் சொல்லிவிட்டார். "இருக்கட்டும் அக்கா. இப்ப இருக்கு" என்றார் பல்செட்டுக்காரர்.

"என் ரெண்டு கையையும் தர்றேன்" என்றார் மனைவி.

"ஒரு தரம். ரெண்டு தரம்." சுத்தியல் அசையவில்லை. "ஒரு தரம்."

"என் குரலைத் தர்றேன்."

மச்சானின் முகம் கடுத்தது. இந்த முறை இரண்டுக்குக்கூடப் போகவில்லை. "ஒரு தரம்" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை மேசையில் படுக்க வைத்தார்.

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. ஆட்டத்துக் கோபம் இல்லை. "வேற என்னதான் வேணும் உனக்கு? என்கிட்ட இருக்கிறது எல்லாத்தையும் கொடுத்துட்டேன். பகலெல்லாம் ஆபீஸ்ல அடுத்தவங்க குறையைக் கேட்டுட்டு வந்து, உனக்கு என்ன வேணும் என்ன வேணும்னு உன் வாயையே பார்த்துட்டு நிக்கிறேன். அது போதலையா?"

பல்செட்டுக்காரர் எழுந்து மனைவி தோளைத் தொடப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, நாற்காலியிலேயே அமர்ந்துகொண்டார்.

மனைவி விசிலைக் கையில் எடுத்து உருட்டினார். பேசும்போது குரல் இறங்கியிருந்தது. "ஆஸ்பத்திரியில நீ கண்ணு முழிச்சு என்னைப் பார்த்து வாயைத் திறந்தே. ஒண்ணும் வரல. நான் காத்துட்டே நின்னேன். ஒண்ணுமே வரல. செத்துடலாம் போல இருந்துச்சு. அதுக்கப்புறம் நீ வாயைத் திறந்தாலே எனக்கு அந்தப் பயம்தான். அந்த வெறுமையை என்னால பார்க்க முடியல. அதான் நானே எதையாவது சொல்லி அடைச்சிடறேன்."

மச்சான் கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"படகோட்டி அதைத் தர்றா" என்றார் மனைவி. "இனிமே உனக்காக நான் பேசமாட்டேன். பயமா இருந்தாலும் பேசமாட்டேன். அதைத்தான் தர்றேன்."

மச்சான் சுத்தியலை எடுத்தார்.

"ஒரு தரம்."

டயர் கடையில் கம்ப்ரஸர் ஓடி நின்றது.

"ரெண்டு தரம்." இழுக்கவில்லை, விளையாட்டுக் காட்டவில்லை. "மூணு தரம்."

சுத்தியல் விழுந்தது. ஏலம் எடுத்தவர் சொன்னபடி நடக்கும் என்பது விதி, படகு எப்படிக் கரை சேர்ந்தது என்று மனைவிதான் சொல்ல வேண்டும். அவர் வாயெடுப்பதற்குள் மச்சான் இடது கையைத் தூக்கித் தடுத்தார். தானே சொல்கிறேன் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

உதட்டைக் குவித்தார். வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. ஜெராக்ஸ் அக்கா தன் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை பெரிய இடைவெளியை அந்த மேசையில் யாரும் இதுவரை காலியாக விட்டதில்லை.

"அலமாரி" என்றார் மச்சான்.

அவர் சொல்ல வந்தது அது இல்லை என்று நாலு பேருக்கும் தெரியும். அவருக்கே முதலில் தெரிந்தது, சிரிப்பு வந்துவிட்டது. மனைவியின் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. மச்சான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.